கேட்டதை அப்படியே கொடுத்துட்டாங்க

அந்த சோபாவுல உக்காராதீங்க சார். உக்காந்தா உள்ள போயிரும், எந்திரிக்க ஆள் கூப்பிடணும். காலையில இருந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். இங்க வாங்க, இந்த நாற்காலிதான் மனுசன் உக்கார்றது. ஏசி வேற. ஏழை பாழைக்கு உதவி பண்ற ஆபீஸு, உள்ள வந்தா கொடைக்கானல் கணக்கா இருக்கு. கேட்டா குறைக்க முடியாதாம். மொத்தமா ஒரே பட்டனாம்.

நீங்களும் ஃபண்டுக்குத்தானா? ஃபைலப் புடிச்சிருக்கிற தினுசுலயே தெரியுதே, பரீட்சைக்குப் போற புள்ள மாதிரி. எந்தூரு? திண்டிவனம் பக்கமா. என்ன நடத்துறீங்க? சாயங்காலப் படிப்பகம். நல்லது. பட்ஜெட் போட்டாச்சா? காட்டுங்க. அட, சும்மா காட்டுங்க சார், நான் என்ன தூக்கிக்கிட்டா ஓடப் போறேன்?

என்ன சார் இது? நாப்பது புள்ளைக, ரெண்டு டீச்சரு, பெஞ்சு, கரண்ட்டு பில்லு. அம்புட்டுத்தானா? உள்ளதை உள்ளபடி எழுதிக் கொண்டாந்திருக்கீங்க. வெளங்கும். எங்க ஜெபக்கனி சிஸ்டரும் இப்படித்தான். உங்க ரெண்டு பேரையும் சேத்து ஒரு சங்கம் வெக்கலாம். சொல்றேன், கேளுங்க. என்னைய எப்படியும் மத்தியானத்துக்கு முன்னாடி கூப்பிட மாட்டாங்க.

நான் அருப்புக்கோட்டை. வன்னியராஜன். பஸ் ஸ்டாண்டுல எறங்கி ஃபிளெக்ஸ் கடைன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. காதுகுத்துல இருந்து கண்ணீர் அஞ்சலி வரைக்கும் எங்க ஊருல ஒவ்வொருத்தனும் என் மிஷினுக்குள்ள போய்த்தான் வெளிய வரணும். அது தொழில். இது சேவை. கைத்தாங்கல் அறக்கட்டளைன்னு ஒண்ணு இருக்கு, நான்தான் செயலாளரு. படுத்த படுக்கையாக் கெடக்குறவங்க இருக்காங்கல்ல, பக்கவாதம், புத்துநோயி, இடுப்பொடிஞ்ச வயசாளிக, 'வீட்டுக்குக் கொண்டு போயிருங்க'ன்னு ஆஸ்பத்திரியே அனுப்பிவிட்ட கேஸுக. அவங்க வீடு தேடிப் போயி புண்ணைக் கழுவி, டியூபு மாத்தி, தொடைச்சுவிட்டு, புரட்டிப் போட்டுட்டு வர்றது.

நானா? ஐயையோ, நான் போறதில்ல சார். அதுக்குத்தான் சிஸ்டர் இருக்காங்கல்ல. நான் நிர்வாகம்.

அந்த சிஸ்டரைப் பத்தித்தான் சொல்ல வந்தேன். மிஷன் ஆஸ்பத்திரியில நர்ஸா வேலை பாத்துக்கிட்டு இருந்தவங்க. நல்ல சம்பளம், நல்ல குவார்ட்டர்ஸு. அதை விட்டுட்டு ஒரு பழைய ஸ்கூட்டியும் பின்னாடி ஒரு பச்சைக் கூடையுமா வீடு வீடாச் சுத்த வந்துட்டாங்க. கூறு இருக்குற ஆளு செய்யுற வேலையா? எங்க அம்மாதான் அவங்களுக்கு மொத பேஷண்டு. மூணு வருசத்துக்கு முன்னாடி அம்மாவுக்கு ஒரு பக்கம் விழுந்துருச்சு. வாயும் குழறல். வாரத்துக்கு ரெண்டு தடவை சிஸ்டர் வந்துருவாங்க. காசு வாங்க மாட்டாங்க. அறக்கட்டளை பதிவு பண்ண ஆளு வேணும்னாங்க, அம்மா முகத்துக்காக நான் செயலாளரா உக்காந்தேன். பைசா வாங்காத பதவி. அதுக்குத்தான் சார் இந்தப் பாடு.

ரெண்டு வருசம் கடை கடையா உண்டியலு வெச்சு ஓட்டுனோம். எங்க ஊரு யாவாரிக உண்டியல்ல போடுறதைப் பாக்கணுமே. செல்லாத காசெல்லாம் எங்கதான் போகுதுன்னு அப்பத்தான் தெரிஞ்சது. கடைசியில கையுறை வாங்கக்கூட வழி இல்லாமப் போச்சு. சிஸ்டர் அவங்க கம்மலை அடகு வெச்சு வாங்குனாங்கன்னு பெறகு கேள்விப்பட்டேன். அப்பத்தான் இந்த ஆபீஸு மனு போடச் சொல்லி அறிவிப்பு விட்டுச்சு. இது கிடைக்கலைன்னா அறக்கட்டளைய இழுத்து மூடிற வேண்டியதுதான், அந்த நெலமை.

சிஸ்டர் பட்ஜெட் எழுதிக் கொண்டாந்தாங்க. பள்ளிக்கூட நோட்டுத் தாளு. பேஷண்டு முப்பது, நர்ஸு ஒண்ணு, கூட ஒத்தாசைக்கு ஒரு அம்மா, பெட்ரோலு, கட்டுத்துணி, மருந்து. உங்களது மாதிரியே.

"என்னாது சிஸ்டர் இது?"ன்னேன்.

"நமக்கு என்ன ஆகுதோ அதை எழுதியிருக்கேன் அண்ணாச்சி."

"ஆகுறதை எழுதுறதுக்குப் பேரு பட்ஜெட்டா?"

"வேற எதை எழுதுவாங்க?"

கேட்டீங்களா? இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்றது? சார், என் கடைக்கு ஒருத்தன் வர்றான். பத்துக்கு எட்டு பேனரு என்ன வெலைங்கிறான். உள்ள வெலையச் சொன்னா விடுவானா? அதுல பாதிக்குக் கேப்பான். அதனால எடுத்த எடுப்புலயே ரெண்டு பங்கு சொல்லணும். அவன் அடிச்சுப் பேசிப் பாதியாக்குவான். கொறைச்சிட்டோம்னு அவனுக்கும் சந்தோசம், கட்டுபடியாச்சுன்னு நமக்கும் சந்தோசம். காய்கறிக் கடையில இருந்து கல்யாண மண்டபம் வரைக்கும் அப்படித்தான் நடக்குது. இவங்க மட்டும் என்ன வானத்துல இருந்தா குதிச்சாங்க?

மனு அனுப்ப வேண்டிய கடைசி நாளு, சிஸ்டர் ஏதோ ஒரு கிராமத்துல யாருக்கோ டியூபு அடைச்சுக்கிச்சுன்னு போயிட்டாங்க. கம்ப்யூட்டரு என் கடையில இருக்கு. நானே உக்காந்தேன். எல்லாத்தையும் ரெட்டிச்சேன். பணத்தை மட்டும் ரெட்டிச்சா சந்தேகப்படுவாங்கல்ல? அதனால ஆளையும் ரெட்டிச்சேன். முப்பதை அறுபதாக்குனேன். எப்படியும் வெட்டிப் பாதியாக்குவாங்க, அப்ப சரியா நம்ம முப்பதுல வந்து நிக்கும். கணக்குன்னா அது கணக்கு.

சம்பளத்துல மட்டும் கை வெக்கல. சம்பளம்னாலே இந்த ஆபீஸுகளுக்கு வேப்பங்காயி. இன்னொரு நர்ஸுன்னு எழுதுனா மனுவையே ஓரங்கட்டிருவாங்கன்னு ஒரு நர்ஸோட விட்டுட்டேன். மிச்சத்தை விழிப்புணர்வுன்னு ஒரு தலைப்பு போட்டு அதுல சேத்தேன். ஃபிளெக்ஸு, தட்டி, போஸ்டரு. ஆமா சார், என் கடையிலதான். பின்ன, மதுரைக்குப் போயா அடிச்சுட்டு வர்றது? அதுலயும் ரெட்டிச்ச வெலைதான், எப்படியும் வெட்டத்தான போறாங்கன்னு.

ரெண்டு மாசம் போச்சு. மெயிலு வந்துச்சு. வாசிச்சுட்டுத் திரும்ப வாசிச்சேன். கேட்டதை அப்படியே கொடுத்துட்டாங்க சார்! ஒரு பைசா வெட்டல. ஒரு வார்த்தை பேரம் பேசல. 'ஏன் அறுபது, ஏன் இம்புட்டு பேனரு, ஒரு நர்ஸு எப்படி இம்புட்டுப் பேரைப் பாப்பா'ன்னு ஒரு போனு? கெடையாது. பேரம் பேசத் தெரியாதவங்க எல்லாம் என்னத்துக்கு ஆபீஸு தொறந்து வெக்கிறாங்க? இதுல உள்ள இருக்குற அத்தனை பேரும் எம்பிஏவாம். எங்க ஊருச் சந்தையில ஒரு முருங்கைக்காயி வாங்கச் சொல்லுங்க பாப்போம்.

ஆனா நான்தான சாதிச்சேன்? அதை மறைக்கலாமா? அன்னிக்கே பஸ் ஸ்டாண்டுல பேனரு கட்டுனேன். 'அறுபது குடும்பங்களின் கண்ணீர் துடைக்கும் கைத்தாங்கல்.' ஒரு ஓரத்துல என் படம். சரி, ஓரம்னு சொல்ல முடியாது, நடுவுலதான். சிஸ்டர் படமும் போட்டிருந்தேன், ஸ்டாம்பு சைஸுல. சிஸ்டர் ஸ்கூட்டிய நிப்பாட்டி, ஹெல்மெட்டக்கூடக் கழத்தாம அதை நின்னு வாசிச்சாங்க. பெறகு கடைக்குள்ள வந்தாங்க.

"அண்ணாச்சி, யாரு அந்த இன்னொரு முப்பது பேரு?"

"தேடிப் புடிங்க சிஸ்டர். படுத்துக் கெடக்குறவங்களுக்கா நம்ம ஊருல பஞ்சம்?"

"அவங்களை யாரு பாக்குறது?"

"நீங்கதான்."

தண்ணி குடிச்சாங்க, போயிட்டாங்க. ஒரு நன்றி? ஒரு 'சாதிச்சிட்டீங்க அண்ணாச்சி'? ம்ஹூம். விழிப்புணர்வுப் பணத்துல ஒரு நர்ஸைப் போட்டுக்கலாமான்னு மறுநாளு கேட்டாங்க. ஒரு தலைப்புப் பணத்தை இன்னொரு தலைப்புக்கு மாத்தக் கூடாது சிஸ்டர், அது ரூலுன்னு சொல்லிட்டேன். ரூலுன்னா ரூலுதான. நான் பேனரை அடிச்சு ஊரு பூராக் கட்டிட்டேன்.

பேனரைப் பாத்துட்டு ஆளுக வர ஆரம்பிச்சுட்டாங்க சார். அதைச் சொல்லணும். நல்லா வேலை செஞ்சுது பேனரு. தள்ளுவண்டியில படுக்க வெச்சுக்கூட ஒருத்தரைக் கொண்டாந்தாங்க. சிஸ்டருக்கு இல்லைங்கிற வார்த்தை வாயில வராது. அதுவும் ஒரு பலவீனம்தான், நிர்வாகம் தெரிஞ்சவங்களா இருந்தா டோக்கன் போட்டிருப்பாங்க. கொஞ்ச நாள்லயே அறுபது நெறைஞ்சுருச்சு. விடிஞ்சு கெளம்புனா பொழுது அடைஞ்சுதான் வீட்டுக்குப் போவாங்க. ஆளு பாதியா இளைச்சுட்டாங்க. நான் சொல்வேன், 'சாப்பிட்டுட்டு வேலை பாருங்க சிஸ்டர், நீங்க படுத்துட்டா அறக்கட்டளை என்னாகுறது'ன்னு. அக்கறையாத்தான் சொல்வேன்.

இப்ப வர்றேன் சார் விஷயத்துக்கு. என் வயித்தெரிச்சலுக்கு.

வாரத்துக்கு ரெண்டு தடவை எங்க வீட்டுக்கு வந்துக்கிட்டு இருந்தவங்க ஒரு தடவையாக்குனாங்க. பெறகு பத்து நாளைக்கு ஒருக்கா. வந்தாலும் ஓட்டம். முந்தியெல்லாம் அம்மா தலையில எண்ணெ வெச்சு, சீவி, பொட்டு வெச்சுவிட்டு, அந்தக் குழறல் பேச்சைக் கேட்டு ஒக்காந்து சிரிச்சுட்டுப் போவாங்க. இப்ப மூத்திர டியூபைப் பாத்துட்டு, காலைப் பாத்துட்டு, 'வர்றேன் அம்மா'ன்னு கெளம்பிருவாங்க. நான் செயலாளரு சார்! என் வீட்டுக்கே இந்தக் கதின்னா மத்தவங்களுக்கு என்ன கதி? யோசிச்சுப் பாருங்க.

அந்த நேரம் பாத்து என் சம்சாரம் மகளுக்குப் பிரசவம்னு கோயம்புத்தூருக்குப் போயிட்டா. ரெண்டு மாசம். பக்கத்து வீட்டம்மா கஞ்சி கொண்டாந்து ஊத்தும். அம்புட்டுத்தான். மூணு வருசமா ஒரு கீறல் இல்லாத ஒடம்பு சார் அது. முதுகுல புண்ணு வந்துருச்சு. படுக்கைப் புண்ணு. என் உள்ளங்கை அகலம். அந்த வாடையில நான் அந்த ரூமுக்குள்ள போகல சார், போக முடியல. வாசல்ல நின்னு அழுதேன். பெத்த தாயி. அது என்னையப் பாத்து ஏதோ சொல்லுது, எனக்குப் புரியல. அதைச் சிஸ்டர்தான் புரிஞ்சு சொல்லுவாங்க, அவங்களும் இல்ல.

என்ன கேட்டீங்க? நான் புரட்டிப் போட்டேனான்னா? கத்துத் தர வந்தாங்க, சிஸ்டர், ஆரம்பத்துலயே. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா இப்படித் தோளுல கை குடுத்துத் திருப்பணும்னு. என் சம்சாரம் கத்துக்கிட்டா. எனக்கு அதெல்லாம் வராது சார். அம்மாவை அப்படிப் பாக்க எனக்கு மனசு தாங்காது. அதுவும் இல்லாம அதுக்குன்னு ஒரு அறக்கட்டளை இருக்கு, ஆபீஸு இருக்கு, லட்சக்கணக்குல பணம் வாங்கிக் குடுத்திருக்கேன். நானே புரட்டிப் போடுறதா இருந்தா அதெல்லாம் எதுக்கு?

சிஸ்டர் வந்தப்ப புடிபுடின்னு புடிச்சேன். தெருவே கேக்கத்தான் சத்தம் போட்டேன். "யாரால நீங்க இன்னிக்கு சம்பளம் வாங்குறீங்க? என் அம்மாவுக்குப் புண்ணு வர விட்டுட்டீங்களே"ன்னு. அவங்க புண்ணைக் கழுவிக் கட்டிட்டு, கையத் தொடைச்சுக்கிட்டே ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க.

"தப்புத்தான் அண்ணாச்சி. எல்லா வீட்டுலயும் இப்படி ஒரு புண்ணு வந்துக்கிட்டு இருக்கு."

பாத்தீங்களா, ஒத்துக்கிட்டாங்க! அவங்க வாயாலயே! தப்புன்னு!

அப்புறம்தான் இந்த ஊர்மிளா மேடம் எங்க ஊருக்கு வந்தாங்க. வேலை எப்படி நடக்குதுன்னு பாக்க. ஆமா, உள்ள இருக்காங்களே, அவங்கதான். ஒரு அதிகாரி வந்தா எப்படி வரவேற்கணும்? பந்தல் போட்டு, மைக்செட் கட்டி, 'வருக வருக' பேனரு அடிச்சு, பட்டு நூலு பொன்னாடை வாங்கி வெச்சேன். அந்தம்மா கார்ல இருந்து எறங்கி, பந்தலைப் பாத்துச்சு, என்னையப் பாத்துச்சு. "இதெல்லாம் வேணாம் சார், நான் சிஸ்டர் கூட நாலு வீட்டுக்குப் போயிட்டு வந்துர்றேன்"னு சொல்லிட்டு ஸ்கூட்டியில பின்னாடி ஏறி உக்காந்துக்கிச்சு. உச்சி வெயிலு. நானும் மைக்செட்காரனும் காலி நாற்காலியுமா நின்னோம். தராதரம் தெரிஞ்ச ஆளு செய்யுற காரியமா அது?

நாலு வீட்டுல ஒண்ணு எங்க வீடு. நான் பின்னாலயே பைக்குல போறதுக்குள்ள உள்ள போயிட்டாங்க. சிஸ்டர் கட்டுப் பிரிக்கிறாங்க, அந்த மேடம் போன் வெளிச்சத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்குது. என் அம்மா முதுகு. அசலூரு பொம்பளைக்கு முன்னாடி. மானம் போச்சு சார். மேடம் சிஸ்டரைப் பாத்துக் கேக்குது, "ஏன் இப்படி ஆச்சு?"ன்னு. சிஸ்டர் என் பேரைச் சொல்லல. "அறுபது பேரு என் கைக்கு மீறுன எண்ணிக்கை மேடம். இதை நான் முன்னாடியே எழுதியிருக்கணும்"னாங்க. என் பேரைச் சொல்லலைன்னா என்ன, எண்ணிக்கை போட்டது யாருன்னு ஊருக்கே தெரியுமே. முதுகுல குத்துறதுங்கிறது இதுதான்.

ஒரு வாரத்துல இங்க இருந்து பட்ஜெட்டை மாத்தி அனுப்பிட்டாங்க. பேஷண்டு முப்பத்தஞ்சு போதுமாம். மிச்சப் பேரை, சிஸ்டர் பழக்கிவிட்டா அவங்கவங்க குடும்பத்து ஆளுகளே பாத்துக்குவாங்களாம். இனிமே பேனரு கெடையாது, அந்தப் பணத்துல ரெண்டாவதா ஒரு நர்ஸு. ரூலு ரூலுன்னு நான் காப்பாத்துன ரூலை அவங்களே மாத்திட்டாங்க! செயலாளரு கையெழுத்துப் போட்டா அடுத்த தவணை வருமாம். கேட்டு வாங்குன எண்ணிக்கையைக் கொறைச்சுக்கோங்கன்னு தானாவே சொன்ன பொம்பளையை நீங்க எங்கயாச்சும் கண்டிருக்கீங்களா? குடுக்குறவன் கொறைக்கல, வாங்குறவ கொறைக்கிறா!

நான் கையெழுத்துப் போடுவேனா? இந்தா, பையிலதான் இருக்கு, போடாமக் கொண்டாந்திருக்கேன். கூடவே ஒரு புகார் மனு. நிர்வாகத்தைக் கலக்காமத் தன்னிச்சையா நடக்குறாங்க, பேஷண்டுகளைக் கவனிக்கிறதில்ல, உதாரணத்துக்கு என் சொந்தத் தாயாரு. சிஸ்டரை நீக்கணும், அதுவரைக்கும் அடுத்த தவணையை நிப்பாட்டி வெக்கணும். அந்த ரிசப்ஷன் பொண்ணுகிட்டப் பேச்சுக் குடுத்துப் பாத்தேன். அறக்கட்டளைக்குள்ள தகராறுன்னு எழுத்துல வந்துட்டாலே பணம் தானா நின்னுருமாம். இதோ, பொன்னாடையும் இருக்கு. அன்னிக்கு வாங்கிக்கிடாத அதே பொன்னாடைதான். வீணாப் போகலாமா?

பணம் நின்னுட்டா அந்தப் பேஷண்டுக என்னாகுறதா? கொஞ்ச நாளு கஷ்டப்படட்டும் சார். அப்பத்தான் நிர்வாகத்தோட அருமை தெரியும்.

எங்க அம்மாவா? அம்மாவுக்கென்ன? புண்ணு ஆறிக்கிட்டு வருது. அந்த மேடம் வந்துட்டுப் போனதுல இருந்து சிஸ்டர் தெனமும் வேலை முடிச்சுட்டு எங்க வீட்டுக்கு வந்து கட்டிட்டுப் போறாங்க. அந்த விஷயத்துல ஒரு குறை சொல்ல முடியாது. கை சுத்தம்.

இன்னிக்கு யாரு பாத்துக்கிறாங்கன்னா... சிஸ்டர்தான். வேற யாரு? சம்சாரம் இன்னும் வரல. இன்னிக்கு அவங்களுக்கு வார லீவு. இங்க மெட்ராசுல ஒரு கல்யாணம், போயே ஆகணும்னு சொன்னேன். "நான் காலையில இருந்து கூடவே இருக்கேன், பதறாமப் போயிட்டு வாங்க அண்ணாச்சி"ன்னாங்க. அம்மாவுக்கும் அவங்க இருந்தாத்தான் வாயில சோறு எறங்கும்.

இருங்க சார், போனு. அவங்கதான். ஒரு நிமிசம்.

சொல்லுங்க சிஸ்டர். ம்... ம். சாப்பிட்டாங்களா? அட! பேசுனாங்களா? என்ன சொன்னாங்க? என் பேரையா... ம். ம். சரி சிஸ்டர். புரட்டிப் போட்டாச்சுல்ல? நீங்க சாப்பிட்டீங்களா? நல்லது. ஆமா ஆமா, கல்யாண வீட்டுலதான் இருக்கேன். சத்தமே இல்லையா? ஏசி மண்டபம் சிஸ்டர், அதான். இந்தா, பந்திக்குக் கூப்பிடுறாங்க. வெச்சுர்றேன்.

என்னையத்தான் கூப்பிடுறாங்க சார். பொன்னாடை கசங்கலைல்ல? அந்த பட்ஜெட்டை மாத்திருங்க, மறந்துறாதீங்க. எதைக் கேட்டாலும் ரெண்டு பங்கு. அம்மா ரொம்ப நாளைக்கப்புறம் இன்னிக்கு முழுசா ரெண்டு இட்டிலி சாப்பிட்டுச்சாம். நல்ல சகுனம். போயிட்டு வந்துர்றேன்.